வீட்டுக் கொல்லைக்கு ஏற்ற மரம்

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்ட் கொல்லையேனும் உடைய அங்கத்தினர் பலர். அதில் ஒரு மரமாவது வைக்க வேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்கு இல்லாமலில்லை. ஆயினும் இன்ன மரம் என்று நிச்சயிப்பவர் பெரும்பாலும் சந்தையில் கன்று விற்பவராகவே இருக்கிறார். நெல் விதை தவறினால் ஒரு போகம் நஷ்டம். மரம் தவறினாலோ, ஐந்தாறு வருஷம் ஜலம் விட்டு வளர்த்த பிறகே அது தெரியவரும். ஆகையால் கன்று வாங்கப் புறப்படுமுன், சுவருக்கும் வேலிக்கும் நடுவே எத்தனை அடி இடம் உண்டு, சமையலறைக் கழிவு ஜலம் எங்கே போய்த் தேங்குகிறது, மண் எத்தகையது என்பவற்றைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மாமரத்துக்குச் சுமார் 30 அடியும் தென்னைக்கு 25 அடியும் இடைவெளி விடுவது வழக்கம். இருபதடி அகலமுள்ள கொல்லையில் மாங்கன்று வைப்பவர், பாதி மரத்தை அடுத்த வீட்டாருக்காக வளர்க்கிறார். பழம் யாருடையது என்ற வழக்கையும் உடன் வளர்க்கிறார். தென்னையைக் கூரையருகே வைத்தால் காய் விழுந்து ஓடு உடையும். கரிசல் தரையிலோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். அம்மண் ஈரத்தில் உப்பி, உலர்ந்தால் சுருங்குவது. பெருமரத்தின் வேர் அஸ்திவாரத்தருகே ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, சுவரில் வெடிப்புக் காணும். வேம்பும் புளியும் உத்தமமான மரங்களே. அவற்றுக்கு உரிய இடம் ஏரிக்கரையும் பொதுநிலமும். களர் தட்டிய கொல்லையாயின் இலந்தை, நெல்லி, கொடுக்காப்புளி ஆகியவை ஓரளவு தாங்கும்.

கழிவு ஜலம் ஓடும் இடத்தில் பப்பாளி வைப்பவர் அநேகர். பத்து மாதத்தில் பழம் தருவதால் அதன்மேல் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அடியில் ஜலம் தேங்கினால் அதன் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். எலுமிச்சைக்கும் பலாவுக்கும் தேக்கம் ஆகாது. ஈரம் மாறாத அவ்விடத்துக்கு வாழையே தகுந்தது. பப்பாளியை மேட்டில் வைத்து, வேண்டும்போது மாத்திரம் ஜலம் விடலாம்.

ஒரே மரத்துக்குத்தான் இடமுண்டு என்பவருக்கு நாம் சிபாரிசு செய்வது முருங்கை. காய்க்காக அன்று, கீரைக்காக. குன்னூரில் அக்காலத்தில் இருந்த போஷணை ஆராய்ச்சிசாலை 1937-ஆம் வருஷத்தில் வெளியிட்ட உணவு அட்டவணையில், ஏ வைட்டமின் சத்தாக மாறும் பொருள் மிகுந்த உணவுகளில் முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் உயர்ந்த வரிசையில் இடம் பெற்றன. இச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு முதலில் மாலைக்கண் உண்டாகிறது. கவனியாது விட்டால் கருவிழி புண்பட்டுப் பார்வையே போய்விடும். கண் மங்கிய குழந்தையை உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கீரை அந்த நிலை வராமல் காப்பதற்கு உரியது. கீரையைச் சமைக்கும்போது சிறிது எண்ணெய் சேர்த்தாலன்றி இச்சத்து உடம்பில் நன்றாகச் சேராது. வெயிலில் உலர்த்தினால் சத்துக் குறையும். உலர்த்துவதானால் நிழலில் உலர்த்துக.

வாசலில் முருங்கை வைக்கலாகாது என்று பெரியோர் சொல்லுவதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அதன் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் அடிமரத்தில் கூட்டமாய் அடைவதால், அவ்வழியே நடப்பவர் உடம்பில் அரிப்பு உண்டாகும். அதற்காக மரத்தையே தள்ளிவிட வேண்டியதில்லை. நடைவழிக்கும் கூரைக்கும் கிணற்றுக்கும் விலகி, வெயில் படும் மூலையில் வைத்தால் போதும்.

யாழ்ப்பாண முருங்கை போன்ற பல்லாண்டு வகைகளை விதையினின்று வளர்த்தால் தாய்மரத்தின் குணம் அப்படியே வருமென்பது நிச்சயமில்லை. நல்ல காய் காய்க்கும் மரத்திலிருந்து 3 முதல் 5 அடி நீளமுள்ள முற்றிய போத்தை வெட்டி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருக்கும்படி நட்டு, வெட்டுவாயில் பசுஞ்சாணம் அப்பவேண்டும். பெரியகுளத்தில் உண்டாக்கி 1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கையோ விதையினாலேயே பயிராவது. ஆறு மாதத்தில் காய்ப்பு ஆரம்பிக்கும். எந்த வகையாயினும் அடியில் ஜலம் நிற்கக் கூடாது. மரத்தை ஓங்கவிடாமல் அவ்வப்போது தலையை வெட்டிவந்தால் பெண்டிர் கைக்கெட்டும் உயரத்தில் கீரை தழைக்கும்.

நல்ல மரம் ஒன்றிருந்தால் சங்கத்தார் பலருக்கும் போத்துக் கிடைக்கும். இதற்குப் பணச் செலவு இல்லை. செலவாவது முள்வேலிதான். தளிர்விட்ட போத்தை ஆடு ஒரே காலையில் மொட்டையாக்கிவிடும். ஆகையால் குழி வெட்டும் அன்றே முள்ளும் வெட்டி வைத்துக்கொள்க.