பிளேடு போகும், பிடி நிற்கும்

1904-இல் செய்த காருக்கு இன்று டயர் கிடைப்பதே பாடு. அந்த வருடத்துக் கேமராவுக்குப் பிலிம் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். ஆனால் அதே 1904-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தயாரான ஜில்லெட் ரேசர் ஒன்று கையில் இருந்தால், தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கி மாட்டி, இன்றைக்கே முகச்சவரம் செய்துகொள்ளலாம். துளை பொருந்தும். சவரமும் சுத்தமாகவே இருக்கும்.

பழைய ரேசர் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தபால்தலை சேகரிப்பவர் அதை உறையில் ஒட்டுவதில்லை. பழங்காசு வைத்திருப்பவர் அதைக் கொடுத்துக் காய்கறி வாங்குவதில்லை. ரேசர் சேகரிப்பவர் மட்டும் தன் அபூர்வப் பொருளைத் தினமும் காலையில் சோப்பு நுரையில் முக்குகிறார்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்க்க, சவரக்கத்தியிலிருந்து தொடங்க வேண்டும். நாவிதர் கையில் இருந்த பழைய மடக்குக் கத்தியின் முதுகு தடிமனானது, விளிம்பு மெல்லியது. அந்த முதுகுதான் விளிம்பு வளையாமல் தாங்கியது. கூர்மை, உறுதி என்ற இரண்டு வேலைகளும் ஒரே இரும்பின் தலையில். அதனால் நல்ல எஃகு வேண்டும், அடித்துச் செய்ய ஆள் வேண்டும், தினமும் தோல்வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணைக்கல்லும் வேண்டும். தோல் கிழியாமல் காக்க விளிம்பை ஒட்டி ஒரு தடுப்பு வைக்கலாம் என்ற யோசனை பழையது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் ழான் ழாக் பெரே என்பவர் கத்திக்கு அப்படியொரு மரக்காப்பு அமைத்தார். 1880-இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள், மண்வெட்டி போலக் குறுக்காக அமைந்த தலைகொண்ட ஒரு ரேசருக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அதிலிருந்ததும் சவரக்கத்தியின் ஒரு துண்டுதான். காயம் குறைந்தது, தீட்டும் வேலை குறையவில்லை.

கிங் கேம்ப் ஜில்லெட் பாட்டில் மூடி விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளர். சோடா பாட்டிலின் நெளிமூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான் அவருடைய முதலாளி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளாக ஒன்றைக் கண்டுபிடி, வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்று பெயின்டர் அவரிடம் சொல்லியிருந்தார். 1895-இல் ஒரு காலை, சாணை பிடித்தால்தான் தேறும் என்கிற அளவுக்கு மழுங்கிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஜில்லெட்டுக்குப் பொறி தட்டியது. விளிம்பு மட்டும்தானே வெட்டுகிறது, மீதி இரும்பு எதற்கு? கடிகாரச் சுருள்வில்லுக்குப் பயன்படும் மெல்லிய எஃகு நாடாவின் இரு ஓரத்தையும் கூராக்கி, வேறொரு பிடியில் இறுக்கிவிட்டால் போதாதா?

மனிதருக்கு வேறொரு முகமும் உண்டு. அதற்கு முந்தைய வருடம்தான், போட்டி வியாபாரமே ஒழிய வேண்டும், மக்கள் எல்லோரும் நயாகரா அருவியின் மின்சாரத்தில் இயங்கும் ஒரே மாநகரத்தில் கூடி வாழ வேண்டும் என்று புத்தகம் எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் பிளேடு உறையில் அவர் படம்தான் அச்சாகி வந்தது. அதில் அவருக்கு அடர்த்தியான மீசை.

யோசனை எளிது, செய்வது கடினம். மெல்லிய எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். கூடவே அப்பளமாக நெளிந்தும் போகும். நெளிந்த தகட்டுக்கு நேரான கூர் பிடிக்க முடியாது. உலோக வல்லுநர்கள் பலர் நடக்காது என்றே சொன்னார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் வருடக்கணக்கில் முயன்று, கடினமாக்கவும் கூராக்கவும் இயந்திரங்கள் உருவாக்கினார். என் கணக்கில் கண்டுபிடிப்பில் பாதிக்கு மேல் அவருடையது. உறையில் அவர் படம் இல்லை. 1903-இல் விற்பனை தொடங்கியபோது அந்த வருடம் முழுக்க விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த வருடம் ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது.

1904 நவம்பரில் கிடைத்த காப்புரிமையைப் படித்தால் சூட்சுமம் விளங்கும். பிளேடு மிக மெல்லியது, தானாக விறைப்பாக நிற்காது, வெளியிலிருந்து தாங்கினால்தான் அதன் விளிம்புக்கு உறுதி வரும் என்கிற கருத்தை அதில் உரிமையாகவே கோருகிறார் ஜில்லெட். மற்றவர்கள் குறை என்று ஒதுக்கியதைத்தான் அவர் உரிமை கொண்டாடினார். கூர்மை பிளேடின் பொறுப்பு. உறுதி பிடியின் பொறுப்பு. கூர்மை தேயும், உறுதி தேயாது. ஆகவே பிளேடு குப்பைக்குப் போகிறது, பிடி பேரன் காலத்துக்கும் நிற்கிறது.

அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று பாகங்களாகக் கழலும் ரேசர் ஒன்றைப் பிரித்து வையுங்கள். மேல்மூடி கவிழ்ந்த ஓடுபோல லேசாக வளைந்திருக்கும். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் பிளேடை மாட்டும்போது அது தட்டையாகக் கிடக்கும். விரலால் தொட்டாலே ஆடும். கீழ்த்தட்டை வைத்துக் கைப்பிடியைத் திருகத் திருக, பிளேடு மெல்ல வளைந்து மூடியின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றில் ஆட்டம் முழுவதும் நின்றுவிடும். ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினால் தொங்கும். அதையே கொஞ்சம் குழிவாக வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும் அல்லவா? அதே கணக்குத்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தகடு, வளைந்த மாத்திரத்தில் தாடியை எதிர்க்கும் பலம் பெற்றுவிடுகிறது.

இந்தத் தலையில் இன்னும் இரண்டு அளவுகள் முக்கியம். விளிம்புக்கும் கீழேயுள்ள தடுப்புக்கும் இடையிலான இடைவெளி ஒன்று. மூடியையும் தடுப்பையும் தாண்டி விளிம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது மற்றொன்று. ஒரு ரேசர் சாதுவா, முரடா என்பதை இவையே முடிவு செய்கின்றன. ஆரம்பகால ரேசர்களில் தடுப்பு சீப்புப் பற்களாக இருந்தது. பிறகு நேர்க்கட்டையாகவும் வந்தது. 1958-இல் வந்த ஜில்லெட்டின் சரிசெய்யும் ரேசரில் கழுத்தில் ஒரு வளையம், அதில் 1 முதல் 9 வரை எண்கள். எண் கூடக்கூடத் தடுப்பு கீழிறங்கி இடைவெளி அகலும். விலை 1.95 டாலர் என்பதால் அதன் மாதிரி எண் 195. கைப்பிடி தடித்திருப்பதால் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் ஃபேட் பாய். இன்றும் பலருடைய பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். என்னைக் கேட்டால் 1947-இல் வந்த சாதாரண சூப்பர் ஸ்பீடே போதும். அடியிலுள்ள குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் விரிந்து பிளேடை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சரிசெய்ய ஒன்றுமில்லை; குழப்பமும் இல்லை.

பிளேடின் வடிவமும் ஒரே நாளில் வந்ததல்ல. முதல் பிளேடில் மூன்று வட்டத் துளைகள். மூலைகள் முழுச் சதுரம். ரேசர் கைதவறி விழுந்தால் மூடியின் மூலை நசுங்கும், அந்த இடத்தில் பிளேடு சரியாக உட்காராமல் முடியைப் பிய்க்கும். அதனால் 1930-இல் வந்த புதிய வடிவத்தில் மூலைகளை வெட்டியெடுத்துவிட்டார்கள். அதே சமயம் ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் நிறுவனத்தோடு துளை வடிவத்துக்கான காப்புரிமைச் சண்டை மூண்டு, கடைசியில் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடை பிளேடின் மூலையில் தெரியும் வெட்டு அந்தக் காலத்து அடையாளம். நீளத் துளைக்குள் பழைய மூன்று வட்டங்களுக்கும் இடம் இருப்பதால்தான் 1904 ரேசரிலும் அது பொருந்துகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: அன்றைய பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், இன்றையது 0.1. ஆகவே பழைய தலையில் இன்றைய பிளேடு போட்டால், அன்று திட்டமிட்ட இடைவெளி மயிரிழை மாறலாம்.

இத்தனைக்கும் பிறகு, பிளேடு ஏன் மழுங்க வேண்டும்? முடி எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. தேய்ந்து தேய்ந்து விளிம்பு உருண்டுவிடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நிக்கர்சன் படித்த அதே எம்.ஐ.டி.யில் ஜான்லூக்கா ரோஷோலி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் தாடியைத் தானே மழித்து, பிளேடை ஒவ்வொரு முறையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு உருளவில்லை, அங்கங்கே பல் உடைந்ததுபோல் சில்லுகள் பெயர்ந்திருந்தன. பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டும் சிறு கருவி அமைத்துப் பார்த்ததில் காரணம் புலப்பட்டது. எஃகு கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்தாலும் உள்ளே இறுக்கமான இடமும் நெகிழ்வான இடமும் அடுத்தடுத்துக் கலந்தே கிடக்கின்றன. முடி செங்குத்தாக நின்று வெட்டுப்பட்டால் ஒன்றும் ஆவதில்லை. அது சாய்ந்து வளைந்து, அதன் ஓரம் இப்படியொரு சந்தியில் போய் அழுத்தினால், சில்லு பெயர்கிறது. ரோஷோலி இருந்த செம் தாசனின் ஆய்வுக்குழு 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு இது.

சவரத்துக்கு முன் முகத்தை ஈரமாக்கச் சொல்வதிலும் இதேபோல் ஒரு கணக்கு இருக்கிறது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன முடி, தண்ணீரை உறிஞ்சிச் சுமார் 15 சதவீதம் தடிக்கும். உள்ளிருக்கும் பிணைப்புகள் சில தளரும், வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகக் குறையும். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அவசரமாக ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பிப்பவர்கள் பிளேடைத் திட்டுவது நியாயமில்லை.

தண்ணீர் முடிக்கு நல்லது, பழைய கரிம எஃகு பிளேடுக்கு எமன். ஒரு ராத்திரியில் துரு ஏறிவிடும். 1960-களின் தொடக்கத்தில் வாள் செய்து பெயர்பெற்ற பிரிட்டனின் வில்கின்சன் நிறுவனம், துருப்பிடிக்காத எஃகில் டெஃப்லான் வகைப் பூச்சு கொடுத்த பிளேடைக் கொண்டுவந்து சந்தையைக் கலக்கியது. பூச்சுக்கான காப்புரிமை ஜில்லெட்டிடம் இருந்ததால் வில்கின்சன் அதற்குக் கட்டணம் கட்ட நேர்ந்தது. யோசனையைக் கையில் வைத்துக்கொண்டே ஜில்லெட் தூங்கியிருந்தது என்பதே உண்மை. 1971-இல் இரட்டைப் பிளேடு கொண்ட அடைப்புத் தலைகள் வந்தபின் அமெரிக்காவில் இந்த ரேசர் வழக்கொழியத் தொடங்கியது. இந்தியாவில் பிளேடு போகவில்லை. சலூனில் அதையே பாதியாக ஒடித்துச் சவரக்கத்தியில் செருகுகிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் தலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். ஜில்லெட்டின் பல ரேசர்களில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். ஈ-4 என்றால் 1959-இன் கடைசி மூன்று மாதங்கள். எஃப் என்றால் 1960. பித்தளைமேல் நிக்கல் முலாம் பூசியது என்றால் அழுக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். பல வருடச் சோப்புப் படிவு கல்லாக இறுகியிருந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். துத்தநாகக் கலவையில் வார்த்ததுதான் ஆபத்து. முலாம் ஒரு புள்ளியில் உரிந்தாலும் உள்ளே அரிப்பு தொடங்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. கதவு வைத்ததில் இரண்டு கதவும் சமமாக மூடுகின்றனவா என்பதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒருபக்கம் இடைவெளி கூடினால் அந்தப் பக்கம் கன்னம் பதம் பார்க்கப்படும். முதல்முறை போடுபவர்கள் அழுத்தக் கூடாது. தலையின் எடையே போதும்.

பயன்படுத்திய பிளேடை என்ன செய்வது என்பதற்கு அமெரிக்கர்கள் கண்ட வழி விசித்திரமானது. குளியலறைச் சுவரில் பதித்த மருந்தலமாரியின் பின்பக்கத்தில் ஒரு சிறு பிளவு வைத்தார்கள். பிளேடை அதில் போட்டால் இரண்டு சுவருக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் விழும். எடுக்க வழியில்லை, எடுக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்கள் இன்றும் பலகையைப் பெயர்த்தால் துருப்பிடித்த பிளேடுகள் கொட்டுகின்றன. அலமாரி இல்லாதவர்களுக்கு உண்டியல்போல் பிளவு வைத்த பீங்கான் பொம்மைகள் விற்றன: யானை, கழுதை, தவளை. அந்தப் பொம்மைகளைத் தேடிச் சேகரிப்பவர்களும் இப்போது தனியாக இருக்கிறார்கள்.