மேகத்துக்குள் காதை நம்பலாமா?

மாணவர்களே, சுழல் நாற்காலியில் கண்ணை மூடி அமர்ந்து, நண்பரைச் சீராகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் சுற்றுவதே தெரியாது. நின்றதும் எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் இருக்கும்! உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம், சுழலும் வேகம் மாறும்போது மட்டுமே மூளைக்குச் செய்தி தருகிறது. மேகத்துக்குள் விமானம் சாய்ந்து திரும்பினாலும் நேராகப் பறப்பதாகவே விமானிக்குத் தோன்றும். 1999இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இரவில் கடல்மேல் ஓட்டிச் சென்ற விமானம் விழுந்ததற்கு இத்தகைய தடுமாற்றமே காரணம் என்றது விசாரணை.

அமெரிக்காவில் தனிநபர் விமானி உரிமம் பெற, மாணவர் ஒரே பயணத்தில் தனியாக 150 கடல் மைல் (சுமார் 278 கிலோமீட்டர்) பறக்க வேண்டும். வழியில் வானிலை மாறலாம். பக்கத்தில் பயிற்றுநர் இருக்கமாட்டார். அதனால், வெளியே தெரியாதபடி மறைப்பு அணிந்து, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் 3 மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். மேகத்தைக் கடந்து செல்ல அது போதாது. வந்த வழியே திரும்பி வெளியேறத்தான் அந்தப் பயிற்சி.