மென்பொருள் சுமக்கும் கடன்

கொங்கு நாட்டு நூற்பாலைகளில் எந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஆயினும் குறித்த நாளில் ஓர் எந்திரத்தை நிறுத்தி, துடைத்து, எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றிய பின்னரே மீண்டும் ஓட்டுவர். அன்றைய உற்பத்தி குறையுமே என்று தள்ளிப்போட்டால், நூல் அடிக்கடி அறுந்து ஒவ்வொரு நாளும் உற்பத்தி குறையும். கோவை சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் எழுதப்படும் மென்பொருள்களிலும் இவ்வாறு தள்ளிப்போட்ட வேலை சேர்வதுண்டு. ஆலையில் பழுது ஓசையால் தெரிந்துவிடும். நிரலில் அது ஓசையின்றிச் சேரும்.

அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்காம், முதலீடுகளைக் கையாளும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிய பட்டறிவை 1992ஆம் ஆண்டு விளக்கியபோது, இந்நிலையைக் கடனுக்கு ஒப்பிட்டார். முழுமை பெறாத நிரலை முதலில் வெளியிடுவது கடன் வாங்குவது போன்றது. அதனால் பணி விரைவு பெறும். பயன்பாட்டின்வழி கற்றதைக் கொண்டு நிரலைத் திருத்தி எழுதுவதே அக்கடனை அடைப்பதாகும். அடைக்காவிட்டால், பின்னர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் கூடுதலாகச் செலவிடும் நேரம் வட்டியாகிறது. இதுவே 'தொழில்நுட்பக் கடன்' எனப்படுகிறது. கடன் வாங்குவதே தவறு என்று அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு வல்லுநர்கள் கூடி 'அஜைல்' முறையின் கொள்கைகளை அறிவித்தனர். அவர்களுள் கன்னிங்காமும் ஒருவர். பெரிய மென்பொருளை ஒரே மூச்சில் கட்டி முடிக்காமல், சில வாரச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் இயங்கும் பகுதியைப் பயனரிடம் காட்டித் திருத்துவதே இம்முறை. இதில் கடன் சேர்வதும் எளிது, அடைப்பதும் எளிது. சுற்று முடியும் நாள் நெருங்கும்போது, "இப்போதைக்கு இது போதும்" என்று எழுதிய வரிகள் அப்படியே தங்கிவிடும்.

தங்கிய கடன் எவ்வாறு வளரும் என்பதைத் தமிழ்க்கணிமையின் வரலாறு காட்டுகிறது. தொடக்கக் காலக் கணினிகளில் தமிழுக்கென இடமில்லை. அச்சகங்களும் அலுவலகங்களும் காத்திருக்க இயலாது. எனவே எழுத்துரு வடிவமைத்தோர், ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். அன்றைய சூழலில் அது அறிவார்ந்த முடிவே. தமிழில் நூல்களும் இதழ்களும் கணினிவழி அச்சேறின. ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கைக் கொண்டது. ஒன்றில் தட்டெழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது.

வட்டி இதனோடு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வடிவங்கள் சேமிக்கப்பட்டன. 'கே' என்பதில் முதலில் இரட்டைக் கொம்பும் பின்னர் ககரமும் வரும். ஆகவே பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் கேசவன், சேகர், தேவி ஆகிய மூவரும் ககர, சகர, தகர வரிசைகளில் நில்லாமல் கொம்பின்கீழ் ஒன்றாகத் திரண்டனர்! ஒருங்குறியிலோ மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் மட்டுமே கொம்பு முன்னே வந்து நிற்கும். எனவே பழைய கோப்பை மாற்றுவதற்கு ஓர் எண்ணுக்கு மற்றோர் எண்ணை இடுவது போதாது. வரிசையையும் மாற்றியாக வேண்டும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் விண்டோஸ் 2000 போன்ற பிற்கால இயங்குதளங்களே அதனைச் செவ்வையாகக் காட்டின. இடையில், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்னும் குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. அது கடனின் ஒரு பகுதியை அடைத்தது. பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் நீடித்ததால் முழுமையாக அடைக்க இயலவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அவ்வேளையில்தான் தமிழ்நாடு அரசு, ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்று ஆணையிட்டது. அது இயலாத இடங்களில் டேஸ்16 குறியேற்றத்தைப் பயன்படுத்தவும் வழிசெய்தது.

ஆணை ஒரு நாளில் பிறக்கும்; கோப்புகள் ஒரு நாளில் மாறா. இங்குதான் அஜைல் குழுக்களின் பழக்கம் பயன்தருகிறது. அவை கடனை நினைவில் வைப்பதில்லை, புதிய வேலைகள் இடம்பெறும் அதே பட்டியலில் எழுதிவைக்கின்றன. எழுதப்படாத கடனே மிகுதியும் மறக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தின் ஒரு பகுதியைச் சீரமைப்புக்கு ஒதுக்குகின்றன. திருத்தத் தொடங்குமுன் தானியங்கிச் சோதனைகளை எழுதுகின்றன. 'கேசவன்' என்பதைக் கொடுத்து, அது ககர வரிசையில் நிற்கிறதா எனக் கணினியையே பார்க்கச் செய்வது அத்தகையது. அனைத்தையும் கலைத்துப் புதிதாக எழுதும் ஆசையை அவை ஐயத்துடன் நோக்குகின்றன. புதிய கட்டடம் எழும்வரை பழையதில் குடியிருந்தாக வேண்டுமே.

எதனை முதலில் அடைப்பது என்பதே கடினமான கேள்வி. நாள்தோறும் தேடப்படும் பெயர்ப்பதிவேடு பழைய எழுத்துருவில் இருந்தால், ஒவ்வொரு தேடலும் வட்டி கட்டுகிறது. அதனை உடனே மாற்ற வேண்டும். ஆண்டுக்கொருமுறை திறக்கப்படும் கோப்பைத் திறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். எவரும் தொடாத நிரலைச் சீராக்குவதற்கு உழைப்பதைவிட, அதனை நீக்கிவிடலாமா என்று முதலில் ஆராய்வது நன்று. பெட்டகத்தில் வைத்த பழைய ஆவணங்களுக்கோ எந்த எழுத்துருவில் எழுதப்பட்டன என்னும் குறிப்பையும், அவ்வெழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாத்தால், பின்னர் அவற்றைப் படிப்போர்க்கு வழி அடைபடாது.