பிறர் கையில் பதிந்த குரல்: ஆட்சியும் மதமும் தொடக்க இலக்கியமும்



இந்த அரங்கில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தப் படிப்பின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வரலாற்றைச் சொல்லித் தருவார்கள். ரோமிலிருந்து துறவிகள் வந்தது, வைக்கிங்குகள் தாக்கியது, நார்மானியர் வென்றது, திருச்சபை உடைந்தது என்று வரிசையாக வரும். தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். நம் வரலாற்றைப் படிப்பதற்கு அதில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. அதைத்தான் இன்று எடுத்துப் பார்க்கப் போகிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஓர் இலக்கியத்தின் தொடக்கக் காலத்தில் யார் எழுதினார்கள், எது அழியாமல் மிஞ்சியது என்பதைப் பெரும்பாலும் ஆட்சியும் மதமுமே முடிவு செய்தன. உழைக்கும் மக்களின் குரல் அந்த ஏடுகளில் இருக்கிறது. ஆனால் அது பிறர் கையால் எழுதப்பட்டதாக இருக்கிறது. எழுதுகோலும் அச்சும் கைமாறியபோது கதையும் மாறியது. முதலில் இங்கிலாந்தில் இதைப் பார்த்துவிட்டு, பிறகு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வருவோம்.

மாட்டுத் தொழுவத்துப் பாடகர்

597இல் ரோமாபுரித் துறவி அகஸ்டின் கென்ட் நாட்டு அரசரிடம் வந்து சேர்ந்தார். அவரோடு கிறிஸ்தவமும் லத்தீன் எழுத்தும் வந்தன. அதன்பின் எழுதும் இடம் என்றால் மடம்தான் என்று ஆனது. பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் கேட்மன் 7ஆம் நூற்றாண்டில் விட்பி மடத்தில் மாடு பார்த்தவர். விருந்தில் யாழ் தன் பக்கம் வரும்போது பாடத் தெரியாமல் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாராம். ஒருநாள் கனவில் பாடும் வரம் கிடைத்தது என்பது கதை. எழுத்தறியாத அவருக்குத் துறவிகள் வேதக் கதைகளைச் சொல்ல, அவர் அவற்றைப் பாட்டாக்கினார்.

இதை நமக்குச் சொல்பவர் பீட் என்ற துறவி. 731இல் லத்தீனில் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றில் அவர் இதைக் குறித்து வைத்தார். கேட்மனுடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்கதாக மிஞ்சியது ஒன்பது வரிப் பாட்டு ஒன்றுதான். அது இறைவனைப் போற்றும் பாட்டு. மாடு மேய்த்தவர் தன் தொழுவத்தைப் பற்றியோ, தன் வேலையைப் பற்றியோ, தன் எசமானைப் பற்றியோ பாடியிருந்தாலும் அது ஏடேறவில்லை. ஏட்டை வைத்திருந்த மடத்துக்கு எது தேவையோ அது பிழைத்தது.

நார்மானியரும் உழவர்களும்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றார்கள். அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு, கோயிலுக்கு லத்தீன், வயலுக்கும் அடுப்படிக்கும் ஆங்கிலம் என்று மொழிகள் பிரிந்தன. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது 1362இல். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள். தாத்தா காலத்து வழக்குப் பத்திரம் பிரெஞ்சில் இருப்பதைப் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

1381இல் உழவர்கள் எழுச்சி கொண்டார்கள். அதில் ஜான் பால் என்ற போதகரின் பேரில் ஆங்கிலக் கடிதங்கள் கைமாறின. லாங்லண்டின் கவிதை நாயகனான உழவன் பியர்ஸின் பெயர் அவற்றில் வருகிறது. இந்தக் கடிதங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? எழுச்சியை வெறுத்த மடத்து வரலாற்றாசிரியர்கள் குற்றத்துக்குச் சாட்சியாக அவற்றைப் படியெடுத்து வைத்ததால். ஒரு கடிதம், தூக்கிலிடப்பட இருந்த ஒருவரின் உடையில் அகப்பட்டது என்று வால்சிங்காம் என்ற துறவி எழுதுகிறார். உழவரின் சொல் பகைவரின் ஏட்டில் பிழைத்தது.

அடுத்து, வேதத்தை மக்கள் மொழியில் கொண்டுவரும் போராட்டம். அனுமதியில்லாமல் ஆங்கிலத்தில் வேதத்தை மொழிபெயர்க்கக் கூடாது என்று 1409இல் திருச்சபை தடை விதித்தது. டின்டேல் தன் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை 1526இல் ஜெர்மனியில் அச்சிட்டு, மறைவாக அனுப்ப வேண்டியிருந்தது. 1536இல் அவர் கொல்லப்பட்டார். யார் படிக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே உயிர் விலையாக இருந்தது.

1704: புதுச்சேரியில் ஓர் ஆணை

இனி நம் பக்கம். தமிழ் அச்சின் தொடக்கமும் ஆட்சி, மதக் கணக்குகளால் ஆனதுதான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவரானார்கள். அவர்களிடையே பணிபுரிந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியில் டேனிஷ் ஆட்சியின் நிழலில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். லுத்தரன் சபையாரை எதிர்த்துக் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். தமிழ் உரைநடை இந்தச் சண்டைகளில் பழகிக்கொண்டது.

இந்த மதப்பணியின் நடுவில் சாதி உட்கார்ந்திருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சன்னியாசி போல வாழ்ந்தார். பிறகு 1640களில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் பழகப் பண்டாரசுவாமிகள் என்ற தனிப்பிரிவு வந்தது. போதகரிலேயே சாதிக்கு ஒருவர் என்ற ஏற்பாடு.

1703இல் பாப்பரசரின் தூதராக தூர்னோன் புதுச்சேரிக்கு வந்தார். யேசு சபையார் கைக்கொண்ட இந்தச் சடங்குகளை விசாரித்து, 1704இல் புதுச்சேரியிலிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்கே சென்று குருமார் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும், மறுக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதே அதுவரை நடந்தது என்ன என்பதற்குச் சான்று. சேரிக்குள் போனால் சாதிக் கிறிஸ்தவர்கள் விலகிவிடுவார்கள் என்று வாதம் நடந்தது. வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுத்தது. 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். அதிலும் பறையர்களுக்கென்று தனிக் குருமார் என்ற ஏற்பாட்டுக்கு இடம் விட்டார். லத்தீனில் எழுதப்பட்ட இந்தப் பெரிய வழக்கு முழுவதும் நம்மைப் பற்றியது. அதில் நம்மவர் எழுதிய ஒரு வரி இல்லை.

1745: ஒரு சுவர்

அடுத்த ஆண்டே புதுச்சேரியில் ஒரு நிகழ்ச்சி. அதைத் தமிழில் குறித்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பின்னாளில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1745 அக்டோபர் குறிப்பில் ஒரு செய்தி வருகிறது. யேசு சபையாரின் கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பறையர். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவரும், சட்டைக்காரரும், ஐரோப்பியரும். பறையர்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போகிறார்கள். எல்லோரும் ஒரே கோயிலின் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று நியாயம் கேட்கிறார்கள். பாதிரியார் அது சரியென்று ஒப்பி, சுவரை இடிக்கச் செய்கிறார்.

தோழர்களே, இது புதுச்சேரியில் நடந்த உரிமைப் போராட்டம். பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டுகள் முன்னால் நடந்தது. 1704 ஆணை பாப்பரசரின் தூதர் இட்டது; 1744 தீர்ப்பு ரோமாபுரியில் முடிவானது. ஆனால் ஒரு கோயிலுக்குள் ஒரு சுவரை விழவைத்தது திரண்டு போய்க் கேட்டவர்களின் வாய்ச்சொல். அந்தச் சொல்லோ, கிறிஸ்தவரும் அல்லாத, பறையரும் அல்லாத ஒரு வணிகரின் குறிப்பில் போகிற போக்கில் பதிவானது. அந்தக் குறிப்பேட்டில் துபாஷிகளுக்கும் வணிகர்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நியாயம் கேட்டவர்கள் ஒரு கூட்டமாகவே வந்துபோகிறார்கள். கேட்மனைப் பற்றி பீட் எழுதாவிட்டால் கேட்மன் இல்லை. பிள்ளை எழுதாவிட்டால் இந்தப் போராட்டமும் இல்லை.

போரில் கைமாறிய அச்சகம்

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரை இடித்த வெற்றியாளர்கள் இங்கிருந்த ஓர் அச்சு எந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அதை வேப்பேரியில் இருந்த பாதிரியார் பப்ரீஷியஸிடம் ஒப்படைத்தார்கள். அரசாங்க வேலையையும் செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியும் வேப்பேரியில் அச்சாயின. பிரெஞ்சுக்காரர் தோற்றதால் தமிழுக்கு ஓர் அச்சகம் கிடைத்தது. இலக்கிய வரலாறு அரசியல் வரலாற்றின் மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. அந்த எந்திரமும் நம் கைக்கு வரவில்லை.

காரைக்காலில் அச்சேறிய நந்தன்

ஒரே கதை பல கைகளில் எப்படி மாறுகிறது என்பதற்கு நந்தன் கதை போதும். சுந்தரர் ஒரு பெயராகச் சொன்னதை, 12ஆம் நூற்றாண்டில் சோழ ஆட்சியின் ஆதரவோடு சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்தார். சமணத்தையும் பௌத்தத்தையும் பின்தள்ளிச் சைவம் அரச மதமாக நின்ற காலம் அது. ஆதனூர்ப் புலையர் தில்லையில் தீயில் இறங்கி, பூணூல் மார்போடு முனிவராக எழுகிறார். அப்போதுதான் கோயிலுக்குள் போக முடிகிறது.

1860களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு காரைக்காலில் அச்சானது. சேக்கிழாரிடம் இல்லாத பிராமணப் பண்ணையார் இதில் வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள். நாற்பது வேலி நிலத்தை ஓர் இரவில் முடிக்க வேண்டும் என்ற கட்டளையும் இதில்தான் வருகிறது. தஞ்சைப் பகுதிப் பண்ணையடிமையின் வாழ்வு பாட்டில் ஏறியது என்பதை நாம் மறுக்க வேண்டாம். ஆனாலும் முடிவில் அதே தீ.

பெயர் எழுதிக்கொண்டவர்களும் அச்சுக் கோத்தவர்களும்

1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை இட்டது. சாதி வழக்கத்தையும் தனிச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பவர்கள், தாங்களே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம். இப்படித் துறந்தவர்களில் கிறிஸ்தவத் தலித் குடும்பங்கள் பல. 1745இல் கூட்டமாக வந்துபோனவர்களின் வழிவந்தோர், அரசுப் பதிவேட்டில் தாமே தேர்ந்த பெயரோடு நின்றார்கள். அதை இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லை. நான் அதை நம் எழுத்தின் முன்னுரை என்பேன்.

சென்னையில் அச்சே நம் கைக்கு வந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலையில் அச்சிட்டார். 1907 ஜூன் 19இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அவர் எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் பண்ணையாள் அல்ல, பௌத்த அரசன். சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன். அவர் சொன்ன ஒவ்வொரு செய்தியையும் ஆதாரத்தோடு சோதிப்பது ஆய்வாளரின் கடமை. ஆனால் நந்தனைத் தீயில் இறக்கியதைப் பெருமையாகப் பாடிய மரபை நோக்கி, அது பெருமையா கொலையா என்று கேட்க, நம் கையில் இதழ் இருந்தது.

அந்த இதழுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 1914இல் பண்டிதர் மறைந்தார். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அவருடைய எழுத்தைக் காத்து அச்சிட்டார்கள். ஆயினும் பல்கலைக்கழகத் தமிழ் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வந்த பிறகுதான் அவர் பாடமானார். 85 ஆண்டுகள். எழுதினால் மட்டும் போதாது, காப்பவர் யார் என்பதும் அரசியல்தான்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்துக்குள் போய் வெளியேறிய ஒரு தலித் பெண், திருச்சபைக்குள் இருக்கும் சாதியைத் தன் மொழியில் எழுதினார். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் புதுச்சேரிக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். 1745இல் பாதிரியார் முன் வாய்விட்டுக் கேட்ட கேள்வியை இவர்கள் எழுத்தில் கேட்டார்கள். இடையில் யாரும் படியெடுத்து எழுத வேண்டியிருக்கவில்லை.

மாணவர்களுக்கு

பழைய நூல் எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளோடு படியுங்கள். இதை எழுதிய கை யாருடையது? எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் ஆதரவு தந்த ஆட்சி எது, மதம் எது? இதில் பேசப்படுபவர் தாமே எழுதியிருந்தால் எதைச் சொல்லியிருப்பார்? ஆங்கிலத் துறை மாணவர் பீடையும் வால்சிங்காமையும் இப்படிப் படிக்கட்டும். தமிழ்த் துறை மாணவர் பிள்ளையின் நாட்குறிப்பை இப்படிப் படிக்கட்டும். பகைவர் ஏடு, பாதிரியார் ஏடு, துபாஷி ஏடு எதையும் ஒதுக்க வேண்டாம். அவற்றில் நம்மவர் குரல் சிக்கிக் கிடக்கிறது.

இன்னொன்று செய்யக்கூடியது. 1881 ஆணைப்படி பெயர் பதிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருக்கலாம். வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுப் பத்திரம், ஞானஸ்நானச் சீட்டு, பழைய இதழ் என்று ஏதாவது இருந்தால் படமெடுத்து வையுங்கள். அந்தப் பெயர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சாவு வீட்டிலும் நடவு வயலிலும் பாடிய பாட்டைப் பாட்டியிடமிருந்து, பாடியவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். கேட்மனின் தொழுவத்துப் பாட்டு கிடைக்கவே இல்லை. நம் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

 ஜெய்பீம்.