கருமுட்டைக் கொடையாளர் தகுதிகள் (இந்தியா)

கருமுட்டைக் கொடை என்பது, பிறரின் குழந்தைப்பேற்றுக்காக ஒரு பெண் தன் கருமுட்டைகளை வழங்குவதாகும். இந்தியாவில் இதனை 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நெறிப்படுத்துகிறது.

தகுதிகள்

• வயது 23 முதல் 35 வரை.
• எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் தொற்றுகள் இல்லை என்ற பரிசோதனை முடிவு.
• ஆதார் விவரமும் எழுத்து மூலமான ஒப்புதலும்.
• வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கொடை. 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது.

பாதுகாப்பு

சினைப்பையை ஊசி மருந்தால் தூண்டியே முட்டைகள் எடுக்கப்படுகின்றன. சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளலாம். எனவே கொடையாளருக்கு 12 மாதக் காப்பீடு கட்டாயம். அதனைக் குழந்தை வேண்டுவோரே எடுத்துத் தர வேண்டும்.

கருமுட்டை விற்பனை குற்றமாகும். 2022இல் ஈரோட்டில், போலி ஆதார் மூலம் 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுக்கப்பட்டது தெரியவந்தது. வயதுச் சான்றைச் சரிபார்ப்பது வெறும் சடங்கல்ல என்பதை இது உணர்த்துகிறது.