சுவரில் ஒரு ஓட்டை

விருத்தாசலத்தில் பழைய மாதிரி பீங்கான் சூளையைப் பற்றவைக்கும் முன் அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். அடைத்ததோடு விடமாட்டார்கள். இடுக்கு இடுக்காகக் குழைத்த மண்ணை அப்பி, விரலால் தேய்த்து, சந்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் நெருப்பு. ராத்திரியில் எங்காவது ஒரு கீற்றுச் சிவப்பு தெரிந்தால் மறுபடி மண்ணோடு ஓடுவார்கள். சந்தில்லாத சுவர்தான் சுவர் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத சங்கதி.

கம்மாபுரத்தில் என் சித்தப்பா மகன் கேபிள் இழுக்கும் வேலைக்குப் போகிறவன். ஒப்பந்தக்காரர் எங்கே அனுப்புகிறாரோ அங்கே போவான். இன்றைக்கு மின் நிலையம், நாளைக்கு ஆஸ்பத்திரி. போன பொங்கலுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னான்: “சுவத்துல ஓட்டை போடுறதுக்கு பில்லு உண்டுண்ணே. அடைக்கிறதுக்கு இல்ல. அதுக்கு வேற பார்ட்டி வரும்னாங்க. வந்தாங்களான்னு யாருக்குத் தெரியும், நாங்க அடுத்த சைட்டுக்குப் போயிட்டோம்.”

“அதுவரைக்கும் ஓட்டை?”

“சாக்கு திணிச்சிட்டு வந்தோம்.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பெரிய மின் நிலையத்தில் ஆயிரக்கணக்கான கேபிள்கள் அறைக்கு அறை சுவரையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு போகும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இடையிலுள்ள சுவரை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் தாங்கும்படி கட்டுகிறார்கள். துளையிலும் அதே அளவு தாங்கும் அடைப்பு வேண்டும். வேலை செய்பவர்கள் ஃபயர் சீல் என்பார்கள். நான் தீயடைப்பு என்கிறேன். சிலிக்கோன் நுரை, சிமென்ட் மாதிரிக் கலவை, சூடு பட்டால் உப்பிப் பெருத்துச் சந்தை மூடிக்கொள்ளும் பட்டை, செராமிக் நார் என்று பல வகை. கேபிளின் மேலுறை பி.வி.சி.யாக இருந்தால், தீயில் அந்த உறை உருகிச் சுருங்க அந்த இடம் காலியாகும். உப்பும் பொருள் அந்தக் காலியிடத்துக்காகத்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம். 1975 மார்ச் 22. கேபிள் நுழையும் துளைகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்தார். சுடர் ஆடினால் கசிவு, அவ்வளவுதான் சோதனை. கசிந்த துளையில் நுரைத் துண்டைத் திணித்துவிட்டு மறுபடி மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனார். உலைக் கட்டடத்துக்குள் காற்றழுத்தம் குறைவு, அதனால் சுடர் உள்ளே இழுபட்டது. நுரை பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் கருகின. உலையைக் குளிர்விக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட, இயக்கும் ஊழியர்கள் வேறு வழிகளில் தண்ணீர் செலுத்தித்தான் சமாளித்தார்கள். இரண்டு நாள் முன்பே இதேபோல் ஒரு சின்னத் தீ பற்றி அணைக்கப்பட்டிருந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அணைத்தாயிற்று, குறித்தும் வைத்தாயிற்று. மெழுகுவர்த்தியை மட்டும் யாரும் கீழே வைக்கவில்லை.

நம் நாட்டுக் கதை 1993 மார்ச் 31 விடியற்காலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா. முதல் அலகின் டர்பைனில் இரண்டு இறக்கைகள் முறிந்தன. அதிர்ச்சியில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றியது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது. அது டர்பைன் கூடத்தோடு முடிந்திருக்க வேண்டிய விபத்து. தீ கேபிள் வழியே ஓடியது. ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும் என்று வைத்திருந்த மாற்று மின்வழிகளின் கேபிள்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் போயின. சில நிமிடங்களில் நிலையமே இருட்டு. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழைய, ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சிலர் டார்ச் விளக்கோடு மேலேறிப் போய், உலை மறுபடி உயிர்பெறாமலிருக்க போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டார்கள். தீயணைப்புக்கென்று வைத்திருந்த டீசல் பம்பைக் கொண்டு நீராவி உற்பத்திக் கலங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மின்சாரம் திரும்ப 17 மணி நேரம் ஆனது. கதிர்வீச்சு வெளியேறவில்லை. அணு விபத்துகளைத் தரம்பிரிக்கும் பன்னாட்டு அளவுகோலில் இதற்கு மூன்றாம் நிலை.

அதன்பின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்ட திருத்தங்களில் கேபிள்களைப் பிரித்துக் கொண்டுபோவதும் தீத்தடுப்புகளைப் பலப்படுத்துவதும் முக்கியமானவை. கல்பாக்கம் நரோராவுக்கு முன்பே, 1984இல், வணிக உற்பத்தியைத் தொடங்கிய நிலையம். இப்படிப்பட்ட பழைய கட்டடத்தில் புதுத் தீயடைப்பு என்பது ஒரு தடவை செய்து முடிக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு புதுக் கேபிளுக்கும் யாரோ ஒருவர் அடைப்பைக் குத்தித் திறப்பார்.

குறைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. நுரை உள்ளே குமிழாக நின்றுவிடும், வெளியே பார்த்தால் வழவழப்பாக இருக்கும். வருஷம் போனால் சுருங்கி விளிம்பில் ஒரு நூலிழைச் சந்து விடும். எலி குடையும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் எதுவும் தெரியாது. இதெல்லாவற்றையும்விட மோசம், கிடைத்த பொருளை வைத்து அடைப்பது. தீயடைப்பு என்பது பொருள் மட்டும் அல்ல. துளையின் அளவு, சுவரின் தடிமன், கேபிளின் எண்ணிக்கை எல்லாம் சேர்த்துச் சூளையில் வைத்துச் சோதித்த ஒரு கட்டமைப்பு. இந்தியாவில் அந்தச் சோதனைக்கு ஐ.எஸ். 12458 என்ற தரநிலை 1988 முதல் இருக்கிறது. கடையில் டின்னில் விற்கும் நுரையைப் பீய்ச்சிவிட்டு “சீல் பண்ணியாச்சு” என்பது பிரௌன்ஸ் ஃபெரிக்காரர் செய்ததுதான்.

ஒழுங்காகத் திருத்துவது அலுப்பான வேலை. ஒவ்வொரு துளைக்கும் எண் போட வேண்டும், இருபுறமும் படம் எடுக்க வேண்டும், சந்தேகமானதைத் தோண்டிப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தும் உடனே சரிசெய்ய முடியாவிட்டால், முடியும்வரை அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க ஆள் போட வேண்டும். கேபிள் இழுப்பவரிடமே “நீ திறந்தாய், நீ மூடி, கையெழுத்துப் போடு” என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி. பொறியாளர்கள் மறுக்கலாம்.

அந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒன்று. செராமிக் நாரை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழைய அடைப்புகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு இல்லை. தகுந்த முகமூடியைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை, கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 14ஆம் பிரிவு, வேலையிடத்தின் பாதுகாப்புத் தகவலைத் தொழிலாளி கேட்டுப் பெறலாம் என்கிறது. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒருசேரச் சொல்லலாம். வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி போட்டு எழுதி, ஒரு நகலில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

நிலையத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். 10 ரூபாய் கட்டணம், காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாளில் பதில். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அணுமின் நிலையத்தின் வரைபடத்தைக் கேட்டால் 8ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். கேள்வியை வேறுமாதிரி போடுங்கள்: கடைசியாகத் தீயடைப்புகளை ஆய்வு செய்தது எப்போது, எத்தனையில் குறை, எத்தனை சரியாயிற்று, மீதி எத்தனை நாளாக நிற்கிறது? ஒரு பகுதி ரகசியம் என்றாலும் மற்றதைப் பிரித்துக் கொடுக்க 10ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. லேசில் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தரும்படி மத்திய தகவல் ஆணையம் 2012இல் உத்தரவிட்டும், அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அணு உலை நமக்கு எதற்கு, கம்மாபுரத்தில் அது இல்லையே என்பவர்களுக்கு: 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் கீழ்த்தளத்தில் பற்றிய தீ, வார்டுகளுக்கு வரவே இல்லை. புகை வந்தது. குழாய்ப்பாதைகள் வழியே மேலேறி, படுக்கையில் கிடந்தவர்களில் தொண்ணூறு பேர் அளவில் கொன்றது. மின்கம்பிகள் மாடிக்கு மாடி ஏறும் துளைகளைத் தளத்துக்குத் தளம் அடைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எதுவானாலும் மீட்டர் பலகைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். ஓட்டை தெரிந்தால் படத்தோடு தீயணைப்பு நிலையத்தில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

நானும் ஒரு இடத்தில் கேட்டேன். மூன்று மாடிக் கட்டடம், பெயர் வேண்டாம். மாடிப்படிக்குப் பக்கத்தில் கை நுழையும் அளவு துளை, உள்ளே உரச்சாக்கு. மேலாளர் முதலில் “இத்தனை வருஷமா அப்படித்தான் இருக்கு சார்” என்றார். மூன்றாவது தடவை எழுதிக்கொடுத்த பிறகு ஆள் வந்தது. சாக்கை உருவி, கல்கம்பளி வைத்து, கலவை பூசி, எண்ணும் தேதியும் எழுதிவிட்டுப் போனார்கள். போன வாரம் போயிருந்தேன். எண் அழியாமல் இருக்கிறது. நாலு விரல் தள்ளி, இன்டர்நெட் வயருக்காகப் புதுசாக ஒரு துளை.