இருபது கிலோ பாலுக்குப் பூஜ்யம் ரப்பரா?

அந்தி சாய்ந்துவிட்டது. குளித்து முடித்து, தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து உட்காருகிறீர்கள். உள்ளே உங்கள் மகனோ மகளோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் இல்லை, பாட்டும் இல்லை. கறுப்புத் திரையில் நாலைந்து வரி எழுத்து, கடைசியில் ஓர் எண். அரைமணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தாலும் அதே எண்தான். "இதுக்குத்தானா கடன் வாங்கிப் படிக்க வச்சோம்?" என்று உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழும். எழுவது இயற்கைதான்.

பெற்றோர்களே, கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டில் நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளின் முதலாம் படிவத்திலேயே அடிப்படைக் கணினி அறிவியல் என்ற பாடம் வந்துவிட்டது. பொலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று மேலே போனால் கேட்கவே வேண்டாம். அந்தப் பாடத்தின் உயிர்நாடி, 'புரோகிராம்' எழுதிப் பழகுவது. கணினிக்கு ஒரு வேலையை ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர்தான் புரோகிராம். தமிழில் நிரல் என்கிறார்கள்.

கத்தி பிடித்துப் பழகும் புதிய ஆளிடம் எடுத்த எடுப்பிலேயே இளமரத்தை ஒப்படைப்பார்களா? மாட்டார்கள். பட்டையைத் தாண்டிக் கத்தி இறங்கிவிட்டால் மரத்தில் காயம், காயம் ஆறினால் மேடு பள்ளம், அப்புறம் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் வெட்டித் தள்ளப் போகிற கிழட்டு மரத்தில்தான் கை பழகுவது வழக்கம். தொடக்க மாணவர்களுக்குக் கொடுக்கும் சின்னச் சின்னக் கணக்குகளும் அந்தக் கிழட்டு மரங்களைப் போலத்தான். எத்தனை முறை தப்பாக வெட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பால் 20 கிலோ. மெட்ரோலாக் வைத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 30 பங்கு உலர் ரப்பர். அப்படியானால் ரப்பர் எவ்வளவு? நீங்கள் விரல் மடக்காமலே 6 கிலோ என்று சொல்லிவிடுவீர்கள். பிள்ளை முதல் தடவை எழுதிய நிரல் 600 என்று சொல்லும். நூறால் வகுக்க மறந்துவிட்டான். படித்த பிள்ளை திரையில் 600-ஐப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படாமல் இருக்கலாம். நீங்கள் இருக்க மாட்டீர்கள். "ஏண்டா, இருபது கிலோ பாலில் அறுநூறு கிலோ ரப்பரா?" என்று சிரித்துவிடுவீர்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வேண்டிய பரிசோதனை.

அடுத்த தடவை 30-ஐ 100-ஆல் வகுத்து, வந்ததை 20-ஆல் பெருக்கச் சொல்கிறான். இப்போது விடை 0! கணக்கு சரிதானே, எங்கே போயிற்று ரப்பர்? ஜாவா என்ற கணினி மொழியில் எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் விழுகிற குழி இது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா தசமப் பகுதியை வெட்டி எறிந்துவிடும். 0.3 என்று வர வேண்டியது வெறும் 0 ஆகிவிடுகிறது. அதை எதனால் பெருக்கினால் என்ன? 100 என்பதை 100.0 என்று எழுதினால் 6 வந்துவிடும். பைத்தான் என்ற இன்னொரு மொழியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்த ஒரு பூஜ்யத்தோடு ஓர் இரவு மல்லுக்கட்டிய பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

மல்லுக்கட்டாத பிள்ளையின் கதையையும் சொல்ல வேண்டும். என் தங்கை மகன் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு, கொடுத்த பயிற்சிகள் அத்தனைக்கும் கைப்பேசியில் கேட்டு விடை வாங்கினான். இப்போதுதான் கேட்ட மாத்திரத்தில் நிரலே எழுதித் தரும் வசதி வந்துவிட்டதே! எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். வீட்டில் பெருமை. தேர்வு நாளன்று கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனவன், வெறுந்திரையின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. படிப்பும் கல்விக் கடனும் நீண்டன. தங்கை என்னிடம் அழுதாள். ஆள் வைத்து மரம் வெட்டினால் நம் கை எப்படிப் பழகும்?

அந்த விடுமுறையில் அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்து, கணினியை மூடிவிட்டு, ஒரு பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் கொடுத்தேன். எனக்குக் கணினி தெரியாது. "நீ எழுதுகிற ஒவ்வொரு வரியையும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டே எழுது" என்றேன். இதை நீங்களும் செய்யலாம். ஆங்கிலம் வேண்டாம், மலாயும் வேண்டாம். சமையல் செய்துகொண்டே கேட்கலாம். உங்களுக்கு விளக்கப் போன இடத்தில்தான், "அட, இங்கே தப்பு" என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

எளிய கணக்கில் தொடங்கினான். ஒன்று முதல் நூறு வரை எண்ண வேண்டும். மூன்றால் வகுபடும் எண்ணுக்குக் கை தட்டல், ஐந்தால் வகுபடுவதற்குச் சொடக்கு, இரண்டாலும் வகுபட்டால் இரண்டும். வேலைக்கு நேர்முகத் தேர்வு வைக்கிறவர்கள்கூடக் கேட்கிற கணக்காம் இது. மூன்றை முதலில் சோதித்துவிட்டு, இல்லாவிட்டால் ஐந்தைப் பார் என்று எழுதினால் 15 வெறும் கைதட்டலோடு போய்விடும் என்பதை என் பேத்தி கைதட்டி விளையாடிக் காட்டிக் கொடுத்தாள்.

பிறகு அடையாள அட்டைக் கணக்கு. நம் மைகாட் எண்ணில் 12 இலக்கங்கள் உண்டல்லவா? முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூருக்கு 01, கெடாவுக்கு 02, பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண்ணைக் கொடுத்தால் வயதைச் சொல்லும்படி எழுதினான். தன் எண்ணைப் போட்டான், சரியாக வந்தது. வீட்டில் எல்லாருக்கும் உற்சாகம். 1935-இல் பிறந்த எங்கள் அம்மாவின் எண்ணைப் போட்டோம். அம்மா இன்னும் பிறக்கவே இல்லை என்றது கணினி!

35 என்பதோடு கண்ணை மூடிக்கொண்டு 2000-ஐக் கூட்டியிருந்தான். 1900-ஐக் கூட்டினால் அம்மா பிழைத்துக்கொள்வார், ஆனால் 2015-இல் பிறந்த பேத்தி 1915-இல் பிறந்த கிழவியாகிவிடுவாள். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய இதே சிக்கலுக்காகத்தான் 1999 இறுதியில் உலகம் முழுவதும் கணினிக்காரர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். அவன் நோட்டில் எழுதி எழுதி அடித்து, கடைசியில் ஒரு வழி கண்டான். இரண்டு இலக்கம் இந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைவிடப் பெரிதானால் 1900, இல்லாவிட்டால் 2000. அம்மாவின் வயதும் வந்தது, பேத்தியின் வயதும் வந்தது.

அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அப்போ நூறு வயசு தாண்டினவங்க வந்தா என்ன சொல்லும்?" என்றார்.

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினான்.